27-ஆம் பக்கத்திலிருந்து 194-க்கு

இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் துணுக்கு ஒன்று உண்டு. பணக்காரர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்லர் என்று ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு வியந்தாராம். ஆமாம், அவர்களிடம் பணம் அதிகம் என்று எர்னஸ்ட் ஹெமிங்வே பட்டென்று அடித்தாராம். கூட்டம் சிரிக்கும், ஃபிட்ஸ்ஜெரால்டு அசடாவார். இந்தப் பேச்சு எங்கே, எப்போது, யார் முன்னால் நடந்தது என்று தேடப் போய்த்தான் எனக்குப் பழைய எஸ்குயர் இதழ்களின் மேல் பித்துப் பிடித்தது.

முதலில் கையில் அகப்பட்டது 1945-ஆம் ஆண்டு நூல் ஒன்று. ஃபிட்ஸ்ஜெரால்டு இறந்தது 1940 டிசம்பரில். அவருடைய கட்டுரைகளையும் குறிப்பேடுகளையும் தொகுத்து, நண்பர் எட்மண்ட் வில்சன் 'தி கிராக்-அப்' என்ற பெயரில் வெளியிட்டார். குறிப்பேட்டில் அந்தப் பதில் மட்டும் ஒரே வரியில் இருக்கிறது, இது எர்னஸ்டின் நக்கல் என்ற குறிப்போடு. கீழே வில்சன் அடிக்குறிப்பு போட்டு, இருவருக்கும் நேரில் நடந்த பேச்சாக அதை விளக்கிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அதையே ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார்கள். அடிக்குறிப்பு என்றாலே நமக்கெல்லாம் ஒரு பயபக்தி.

நக்கல் அச்சேறிய இடம் ஹெமிங்வேயின் 'தி ஸ்னோஸ் ஆஃப் கிளிமஞ்சாரோ' கதை. 1938-இல் ஸ்க்ரிப்னர்ஸ் வெளியிட்ட கதைத் தொகுப்பைப் புரட்டினால், பணக்காரர்களைப் பார்த்து வாய் பிளந்து நிற்பவரின் பெயர் ஜூலியன். கதையில் வேறெங்கும் தலைகாட்டாத ஆள். திடீரென வந்து, திட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். புத்தகத்துக்கு முன்பே இந்தக் கதை ஒரு பத்திரிகையில் வந்திருக்கிறது: எஸ்குயர், ஆகஸ்ட் 1936. ஜூலியனின் பூர்வோத்தரம் அங்கேதான் இருக்க வேண்டும்.

எஸ்குயரின் பிறப்பே வேடிக்கையானது. டேவிட் ஸ்மார்ட்டும் ஆசிரியர் ஆர்னால்ட் கிங்ரிச்சும் 1931 முதல் 'அப்பாரல் ஆர்ட்ஸ்' என்றொரு பத்திரிகையை ஜவுளிக்கடைகளுக்காக நடத்தினார்கள். துணி மாதிரிகளையே வெட்டிப் பக்கங்களில் ஒட்டியிருப்பார்கள். (பல ஆண்டு கழித்து அதுவே ஜி.க்யூ. ஆனது.) கடைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கென்றே தனிப் பத்திரிகை போட்டால் என்ன என்ற யோசனையில் 1933 இலையுதிர் காலத்தில் வந்தது எஸ்குயர். விலை 50 சென்ட், பொருளாதார மந்தத்தின் நடுவில். பெரும்பகுதிப் பிரதிகள் துணிக்கடைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டன. ஆனால் பத்திரிகைக் கடைகளில் வைத்த கொஞ்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்துவிடவே, துணிக்கடைகளுக்கு அனுப்பியதைத் திரும்ப வாங்கி விற்க வேண்டியதாயிற்று. கோட்டு சூட்டுப் படங்களுக்கு நடுவே ஆண்களைப் படிக்க வைக்க கிங்ரிச் பிடித்த ஆள் ஹெமிங்வே. முதல் இதழிலேயே கியூபாவில் மார்லின் மீன் பிடிப்பதைப் பற்றி அவர் எழுதினார். 'பிலார்' என்ற படகு வாங்க ஹெமிங்வேக்கு முன்பணம் கொடுத்ததும் இதே பத்திரிகைதான்.

ஆகஸ்ட் 1936 இதழ் கிடைப்பது அரிதல்ல. முழுசாகக் கிடைப்பதுதான் அரிது. நம் வீடுகளில் 'கல்கி' தொடர்கதையைக் கிழித்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து வைத்தார்களே, அதைப் போலத்தான் அங்கேயும் கிழித்தார்கள். ஆனால் நம்மவர்கள் கதைக்காகக் கிழித்தார்கள், அவர்கள் கதையை விட்டுவிட்டு மற்றதைக் கிழித்தார்கள். ஜார்ஜ் பெட்டி வரைந்த பெண்களுக்கு ஒரு கூட்டம், கார் விளம்பரத்துக்கு ஒரு கூட்டம். 1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியதும் பத்திரிகைகளுக்குள் வந்து இறங்கிய விஸ்கி விளம்பரங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஓர் இதழை அப்படியே விற்பதைவிடத் தாள் தாளாகப் பிரித்து விற்றால் வியாபாரிக்கு லாபம் அதிகம்.

கிளிமஞ்சாரோ கதை 27-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அந்த ஒரு பக்கத்தோடு நின்று, மிச்சம் எல்லாம் 194 முதல் 201 வரை, இதழின் கடைசிப் பகுதியில் விளம்பரங்களோடு விளம்பரமாகக் கிடக்கிறது. வெட்டுகிறவர்களின் வேட்டைக்காடு அதுதான். நான் வாங்கிய பிரதி முழுமையானது என்ற உத்தரவாதத்தோடு வந்தது. அட்டை பளபளப்பு, 27-ஆம் பக்கம் பத்திரம். பின்னால் போனால் 199 முதல் 202 வரை இரண்டு தாள் இல்லை. பிளேடு வைத்து நேர்கோட்டில் வெட்டியிருந்தார்கள். முதுகோரம் விரலகலத்துக்கு நின்ற நறுக்கில் ஒருபுறம் வரிகளின் முதல் எழுத்துகள், மறுபுறம் வரிகளின் கடைசி எழுத்துகள். மீதிப் பக்கங்களில் ஜூலியனும் இல்லை, வேறு யாரும் இல்லை. வியாபாரிக்கு எழுதினேன். பெட்டி படம் இருக்கிறதே, பிறகென்ன என்று பதில் வந்தது. அவர் கணக்கில் அதுதான் முழுமை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பைண்டு தொகுதி. பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கழித்துப் போடுவது நூலகங்களில் பழைய வழக்கம். இங்கே கதையே விளம்பரங்களுக்குள் ஓடியதால் கழிக்க வழியில்லை. ஒடுங்கிய பத்தியில் விரல் வைத்துக்கொண்டே வந்தால், புத்தகத்தில் ஜூலியன் நிற்கும் இடத்தில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்று முழுப்பெயர். உயிரோடு இருந்த எழுத்தாளர், சக எழுத்தாளரின் கதைக்குள், பெயர் சொல்லி, பரிதாபத்துக்குரியவராக. ஆனால் அங்கே பதில் சொல்கிறவர் ஹெமிங்வே இல்லை. யாரோ ஒருவர் ஸ்காட்டிடம் சொன்னதாகத்தான் வருகிறது.

பொருளடக்கத்தைப் பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே இதழின் 35-ஆம் பக்கத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'ஆஃப்டர்நூன் ஆஃப் அன் ஆத்தர்'. எழுத வராமல் தவிக்கும் நோயாளி எழுத்தாளனின் ஒரு பகல் பொழுது. தொகுதியைப் பின்னோக்கிப் புரட்டினால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் இதழ்களில் தன் மனமுறிவைப் பற்றி அவர் எழுதிய மூன்று கட்டுரைகள். இப்படி வெட்டவெளியில் அழுவது ஹெமிங்வேக்குப் பிடிக்கவில்லை. அடியும் பதிலடியும் ஒரே பத்திரிகையில், ஒரே ஆசிரியரின் மேசை வழியாக நடந்திருக்கின்றன. புத்தகங்களாகப் படிப்பவர்களுக்கு இது தெரிய வழியில்லை. கட்டுரைகள் ஓர் அலமாரியில், கதை இன்னொன்றில். கிங்ரிச் இதைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சரி, அந்தப் பேச்சு நடந்ததா? நடந்தது. ஆனால் ஆள் வேறு. இரு எழுத்தாளர்களுக்கும் ஸ்க்ரிப்னர்ஸில் பதிப்பாசிரியராக இருந்த மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸ் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதம் பின்னாளில் அச்சில் வந்தது. ஒரு சாப்பாட்டு மேசையில் பெர்க்கின்ஸும் இருந்திருக்கிறார். தனக்கு இப்போது பணக்காரர்களின் பழக்கம் கிடைத்துவருகிறது என்று அங்கே சொன்னவர் ஹெமிங்வே. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் பணம்தான் என்று மடக்கியவர் அயர்லாந்து விமர்சகர் மேரி கோலம். தன் தலையில் விழுந்த குட்டை ஹெமிங்வே கதைக்குள் கொண்டுபோய் நண்பர் தலையில் வைத்துவிட்டார். ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த மேசையிலேயே இல்லை.

கதை எஸ்குயரில் வந்த அந்தக் கோடையில் ஃபிட்ஸ்ஜெரால்டு ஆஷ்வில்லிலிருந்து ஹெமிங்வேக்குச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதினார். கதை நன்றாக இருக்கிறது, புத்தகமாகப் போடும்போது என் பெயரை எடுத்துவிடுங்கள் என்பது சாரம். ஹெமிங்வே லேசில் இறங்கிவரவில்லை. பெர்க்கின்ஸ் வற்புறுத்தித்தான் 1938-இல் ஜூலியன் பிறந்தார்.

அதே தொகுதிகளில் 1938 நவம்பர், டிசம்பர், 1939 பிப்ரவரி இதழ்களையும் எடுத்துப் பார்த்தேன். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றிய ஹெமிங்வேயின் மூன்று கதைகள் அவற்றில் இருக்கின்றன. 1969 வரை அவர் பெயரிலான எந்தத் தொகுப்பிலும் அவை சேரவில்லை. ஹெமிங்வே வாசகர்களில் யாரும் இவற்றுக்காக இதழ்களைப் பத்திரப்படுத்தியதாகத் தெரியவில்லை. தப்பிப் பிழைத்த பிரதிகள் பெட்டியின் புண்ணியத்தில் பிழைத்தவை. அதே பெட்டியின் பெயரால் வெட்டுப்பட்டவையும் ஏராளம்.

ஆகஸ்ட் 1936-க்குப் பிறகு ஃபிட்ஸ்ஜெரால்டு எஸ்குயரை விட்டு விலகிவிட்டாரா என்று அடுத்த இதழைப் பார்த்தேன். செப்டம்பரிலும் எழுதியிருக்கிறார், 'அன் ஆத்தர்ஸ் மதர்' என்று. ஓர் உருப்படிக்கு 250 டாலர் தரும் பத்திரிகையை விட்டு விலகும் நிலையில் அவர் இல்லை. 1940 ஜனவரி முதல் மாதம் ஒன்றாக, பேட் ஹாபி என்ற பாத்திரத்தை வைத்து அவர் எழுதிய கதைகள் வந்தன, மொத்தம் 17. கடைசி ஐந்தும் அவர் இறந்த பிறகு அச்சானவை.