நாம் கட்டும் நூலக வரியின் கதை



சொத்து வரி கட்டும்போது மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோமே, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று என்றாவது பார்த்திருக்கிறீர்களா? வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்து காசு வீதம் நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. நம் தெருமுனைக் கிளை நூலகத்தில் மின்விசிறி சுற்றுவதும் நாளிதழ் வருவதும் அந்தக் காசில்தான்.

இதற்கு வித்திட்டவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவி கிடைத்தது. போன சில நாளிலேயே வெறுத்துவிட்டது. வகுப்பறையின் கலகலப்பு எங்கே, ஆள் வராத அறை எங்கே? மறுபடியும் மாநிலக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். "முதலில் இங்கிலாந்து போய்ப் பயிற்சி எடு, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்" என்கிற மாதிரி சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே தொழிலாளி, இல்லத்தரசி, குழந்தை என்று எல்லோரும் பொது நூலகத்துக்கு வந்து போவதைக் கண்டார். 1925இல் திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதையெல்லாம் விதிகளாகவே எழுதி 1931இல் வெளியிட்டார்.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. உள்ளே நெல் மூட்டை இல்லை, புத்தகங்கள்! கனகசபை பிள்ளை என்பவரின் முயற்சி அது. தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். ஊர் ஊராக வண்டி போய் நிற்கும், அதோடு போகிறவர் புத்தகம் கொடுப்பார், பழையதைத் திரும்ப வாங்குவார். (நம் வாசலுக்கு உணவுப் பொட்டலம் வருவதைப் புதுமை என்கிறோம்!)

வண்டி நல்லெண்ணத்தில் ஓடலாம். மாநிலம் முழுவதும் நூலகம் நடக்க நிரந்தர வருமானம் வேண்டும். அதற்காக ரங்கநாதன் 1930லேயே ஒரு மாதிரிச் சட்ட வரைவு எழுதிவிட்டார். பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்து வரியோடு நூலக வரி ஒட்டிக்கொண்டதும் அதனால்தான்.

சட்டம் கட்டடம் தரும். மனுஷரைத் தராது. சென்ற ஆண்டு, கண் மங்கிய என் அம்மாவுக்காகப் பெரிய எழுத்துப் புத்தகம் தேடி நம் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த நூலகர் அம்மா ஒரே ஆளாகப் பதிவேட்டையும் பார்த்துக்கொண்டு, போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு நாற்காலியும் நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார். "இங்கே இல்லை சார்" என்று முடித்திருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டில் என் கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொண்டார். நான் மறந்தே போனேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தது: "மாவட்ட மைய நூலகத்திலிருந்து இரண்டு வரவழைத்திருக்கிறேன். அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை, இரண்டையும் எடுத்துப் போங்கள்."

அம்மா இப்போது ஐந்தாவது புத்தகத்தில் இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை காலை திருப்பிக் கொடுக்கப் போகிறேன். நம் பி பிளாக்கிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். யாராவது கூட வருகிறீர்களா?