பொலி ஜீன் ஹார்வி: கிற்றாரும் கிராமமும் வரலாறும்

நூற்றாண்டு மலர் ஒன்றில் ஆங்கிலேய ரொக் பாடகி ஒருவரைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று எமது மூத்த அக்காமார் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எங்களிற் பலருக்குச் சங்கீதம் என்றால் வாய்ப்பாட்டு, வீணை, வயலின். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள். பரிசளிப்பு விழாவிலே பாடும் கல்லூரிக் கீதம். கிற்றார் என்பது அண்ணன்மாரின் பொருளாகவே இருந்தது. ஆனால் இந்த மலரைக் கையில் எடுப்போர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் ஒஸ்லோவிலும் வாழ்கிறார்கள். அவர்களுடைய மகள்மாரில் சிலர் மின்கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகள் கேட்கும் இசையின் வரலாற்றிலே ஒரு பெண்ணின் முப்பது ஆண்டு உழைப்பை அறிந்துகொள்வது எங்களுக்கும் பயன்தரும். அவர் தொட்ட விடயங்கள், போரின் நினைவும் சொந்த ஊரின் பேச்சுமொழியும், எமக்குத் தூரமானவையும் அல்ல.

செம்மறிப் பண்ணையில் வளர்ந்த பிள்ளை

பொலி ஜீன் ஹார்வி 1969 ஒக்டோபர் 9ஆம் திகதி, இங்கிலாந்தின் தென்மேற்கே டோர்செற் மாவட்டத்தில் உள்ள பிரிட்போர்ட் என்னும் சிறுபட்டினத்திற் பிறந்தார். வளர்ந்தது கோர்ஸ்கோம் என்ற கிராமத்தில், செம்மறியாடுகள் நின்ற ஒரு சிறிய பண்ணையில். தந்தை கற்குழித் தொழில் செய்தவர். தாய் சிற்பக் கலைஞர். கல்லோடும் மண்ணோடும் பழகிய குடும்பம் என்றாலும், அந்த வீட்டிலே அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசைத்தட்டுகளும் பொப் டிலனும் கப்டன் பீஃப்ஹார்ட்டும் ஓயாமல் ஒலித்தன. பெற்றோர் ஊரிலே இசை நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்பவர்களாகவும் இருந்தார்கள்.

பள்ளிப் பருவத்தில் அவர் கற்ற வாத்தியம் சக்சபோன். கிற்றார் பின்னரே கைக்கு வந்தது. 1988இல் ஜோன் பரிஷ் என்பவர் நடத்திய 'ஒட்டோமற்றிக் ட்லமினி' என்ற குழுவில் இணைந்து, பின்வரிசையில் நின்று சக்சபோனும் கிற்றாரும் வாசித்து, துணைக்குரல் கொடுத்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்த அந்தப் பயிற்சியே அவருடைய இசைக் கல்லூரி எனலாம். பரிஷ் இன்றுவரை அவருடைய இசைத் துணைவராக இருந்து வருகிறார் என்பது குறிப்பிடத்தக்கது. சிற்பம் பயில லண்டனில் உள்ள புகழ்பெற்ற கலைக் கல்லூரி ஒன்றிலே இடமும் கிடைத்தது. ஆனால் அவர் இசையையே தேர்ந்தார்.

1991இல், இருபத்தொரு வயதிலே, தன் பெயரில் மூவர் குழு ஒன்றை அமைத்தார். முதல் நிகழ்ச்சி சார்மவுத் என்ற ஊரின் கிராம மண்டபத்தில் நடந்தது. முதற்பாட்டு முடிவதற்குள் கூட்டத்திற் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. காசைத் தருகிறோம், வாசிப்பதை மட்டும் நிறுத்துங்கள் என்று ஒரு பெண்மணி வந்து கேட்டாராம். இதைப் பிற்காலத்திற் சிரித்துக்கொண்டு சொன்னவர் ஹார்வியேதான். முதல் மேடையிலேயே கைதட்டல் கிடைக்காத எந்த மாணவிக்கும் இந்தக் கதை ஆறுதல் தரும்.

'இன்டி' என்றால் என்ன?

'இன்டி' என்பது 'இன்டிபென்டன்ற்', அதாவது சுயாதீனம், என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். 1970களின் பிற்பகுதியில் பிரித்தானியாவிலே பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் தயவை நாடாமல், சிறு பணத்தோடு, சொந்தமாக ஒலிப்பதிவு செய்து வெளியிடும் வழக்கம் பரவியது. லண்டனின் 'றஃப் ட்றேட்', மான்செஸ்ரரின் 'ஃபக்டரி' போன்ற சிறு நிறுவனங்கள் இப்படி வளர்ந்தவை. கடைகளுக்குத் தட்டுகளைக் கொண்டுசேர்க்கும் வலையமைப்பை அவை தாமே கட்டியெழுப்பின. பிபிசி வானொலியின் இரவு நேர அறிவிப்பாளர் ஜோன் பீல், அறியப்படாத குழுக்களின் தட்டுகளை ஒலிபரப்பி நாடு முழுவதும் அறியச் செய்தார். ஹார்வியும் இந்த வழியாகவே வந்தவர். 'டூ பியூர்' என்ற சிறு நிறுவனம் 1991இல் அவருடைய முதற்பாடலையும், 1992இல் 'ட்றை' என்ற முதல் இசைத்தொகுப்பையும் வெளியிட்டது. அவ்வாண்டே அமெரிக்காவின் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை அவரைச் சிறந்த பாடலாசிரியர் எனத் தெரிவு செய்தது.

புகழ் வந்த வேகத்தில் உடலும் மனமும் களைத்தன. லண்டன் வாழ்க்கை ஒத்துவரவில்லை. அவர் டோர்செற்றுக்குத் திரும்பினார். கடற்கரை ஊரொன்றில் உணவகத்தின் மேல்மாடியில் இருந்த அறையில் அடுத்த தொகுப்புக்கான பாடல்களை எழுதினார். 'றிட் ஒஃப் மீ' என்ற அந்தத் தொகுப்பு 1993இல், 'ஐலண்ட்' என்ற பெரிய நிறுவனத்தின் ஊடாக வெளியானது. அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஸ்ரீவ் அல்பினி மினசோட்டாவில் அதைப் பதிவு செய்தார். குரலை மெருகூட்டாமல், அறையில் கேட்டபடியே பதிவது அவருடைய முறை. அதே ஆண்டில், தன் வீட்டிலே நான்கு தடக் கருவியில் தனியாகப் பதிந்த மாதிரிப் பதிவுகளையும் ஹார்வி தனித் தொகுப்பாக வெளியிட்டார். பெரிய நிறுவனத்துக்குப் போன பின்னரும் தன் கைவேலையை அவர் மறைக்கவில்லை.

வாத்தியத்தைக் கைவிடும் துணிவு

ஒரு முறை வெற்றி கண்டால் அதையே திரும்பத் திரும்பச் செய்வது கலைஞர் பலரின் இயல்பு. ஹார்வி அதற்கு மாறானவர். 1993இல் மூவர் குழுவைக் கலைத்துவிட்டு, 1995இல் 'ரு பிறிங் யூ மை லவ்' என்ற தொகுப்பில் ஓர்கன் ஒலியோடும் புளூஸ் சாயலோடும் வந்தார். 2000இல் நியூயோர்க் வாழ்வின் தாக்கத்தோடு ஒரு தொகுப்பு. 2004இல் ட்றம் தவிர்ந்த வாத்தியங்கள் அனைத்தையும் தானே வாசித்த இன்னொன்று. 2007இல் வெளிவந்த 'வைற் சோக்' தொகுப்புக்காகக் கிற்றாரை ஒதுக்கிவைத்து, முறையாகக் கற்றிராத பியானோவின் முன் அமர்ந்தார். பழகிய தடித்த குரலை விட்டு, மெல்லிய உச்சக் குரலிற் பாடினார். தெரிந்த வாத்தியத்தில் விரல்கள் பழகிய இடத்துக்கே போகும். தெரியாத வாத்தியத்தில் காது விழித்திருக்கும். நாற்பதை நெருங்கும் வயதிலே மீண்டும் மாணவியாக இருக்கச் சம்மதிப்பது எளிதன்று.

பரிசு கிடைத்த நாள்

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் ஆண்டுதோறும் சிறந்த இசைத்தொகுப்புக்கு வழங்கப்படும் மேர்க்கியூரி பரிசு 1992இல் ஆரம்பிக்கப்பட்டது. தனிக் கலைஞராக அதை வென்ற முதற்பெண் ஹார்வி. அது அறிவிக்கப்பட்ட நாள் 2001 செப்டெம்பர் 11. இசைப் பயணத்தில் அன்று அவர் வொஷிங்டனில் இருந்தார். அவர் தங்கியிருந்த விடுதி அறையிலிருந்து பென்டகன் கட்டடம் எரிவது தெரிந்தது. பரிசைத் தொலைபேசியிலேயே ஏற்றுக்கொண்டார். அந்த நாளுக்குப் பின் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் போர்கள் மூண்டன. பத்து ஆண்டுகளின் பின் அவர் வெளியிட்ட தொகுப்பும் போரைப் பற்றியதாகவே இருந்தது.

போரைப் பாடுதல்

'லெற் இங்கிலண்ட் ஷேக்' 2011 பெப்ரவரியில் வெளிவந்தது. அதற்கு முன் சில ஆண்டுகளை அவர் வாசிப்பிலே செலவிட்டார். முதல் உலகப் போரின் வரலாறு, 1915இன் கலிப்பொலிப் போர்முனை, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த படைவீரரதும் பொதுமக்களதும் வாக்குமூலங்கள் எனத் தேடிப் படித்தார். முதலிற் சொற்கள், கவிதையாக நிற்கக்கூடியவையா என்று பார்த்த பின்னரே இசை. கலிப்பொலி எமக்கு முற்றிலும் அந்நியமான பெயரன்று. இலங்கையின் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிலிருந்து சென்ற ஒரு பிரிவும் அந்தப் போர்முனையில் இருந்தது.

ஒலிப்பதிவு 2010இல், பிரிட்போர்ட்டுக்கு அருகே ஐப் என்ற இடத்தில், குன்றின் மேல் உள்ள பழைய தேவாலயத்தில் நடந்தது. இம்முறை அவர் கையில் எடுத்தது ஓட்டோஹார்ப். மார்போடு அணைத்து மீட்டும் தந்தி வாத்தியம். ஒரு பாடலில் படை எக்காளம் தாளத்தோடு சேராமல், வேண்டுமென்றே இடறி ஒலிக்கும். இன்னொன்றில் பழைய குர்திய இசைத்தட்டு ஒன்றின் குரல் பின்னாற் கேட்கும். சுலோகமோ கோபக் குரலோ இல்லை. ஊர்ப் பாட்டுப் போன்ற இலகுவான மெட்டிலே, கண்டதைச் சொல்லும் சாட்சியின் குரல். 2010 ஏப்ரலில், தொகுப்பின் தலைப்புப் பாடலை ஒரு பிபிசி அரசியல் நிகழ்ச்சியிற் பாடியபோது, அதே நிகழ்ச்சியின் விருந்தினராக அன்றைய பிரதமர் கோர்டன் பிறவுணும் அங்கே இருந்தார்.

அந்தத் தொகுப்புக்கு 2011இல் மேர்க்கியூரி பரிசு மீண்டும் கிடைத்தது. அப்பரிசை இருமுறை வென்ற ஒரே கலைஞர் அவரே. 2013இல் எம்.பி.இ. கௌரவமும் வழங்கப்பட்டது.

மற்றவர் துயரை யார் சொல்வது?

அடுத்த முயற்சியில் அவர் நூல்களை விட்டு நேரிலே போனார். ஐரிஷ் புகைப்படக் கலைஞர் ஷேமஸ் மேர்பியோடு கொசோவோ, ஆப்கானிஸ்தான், வொஷிங்டன் ஆகிய இடங்களுக்குச் சென்று குறிப்பெடுத்தார். அக்குறிப்புகள் 2015இல் கவிதை நூலாகவும், 2016இல் 'த ஹோப் சிக்ஸ் டெமொலிஷன் புறொஜெக்ற்' என்ற இசைத்தொகுப்பாகவும் வந்தன. அதன் ஒலிப்பதிவை லண்டன் சமர்செற் ஹவுஸில், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று பொதுமக்கள் பார்க்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. தொகுப்பு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

ஆனால் எதிர்ப்பும் எழுந்தது. வொஷிங்டனின் வறிய பகுதியொன்றைப் பற்றிய பாடல், அங்கே வாழ்வோரை வெறும் சிதைவுக் காட்சியாகக் காட்டுகிறது என்று அப்பகுதி அரசியல்வாதிகள் கண்டித்தார்கள். அங்கே பணிபுரியும் தொண்டு நிறுவனமும் தன் மனவருத்தத்தை வெளியிட்டது. பத்திரிகையாளர் ஒருவர் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டியதன் அடிப்படையில் அப்பாடல் எழுந்திருந்தது.

இந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். போருக்குப் பின் எங்கள் ஊர்களுக்கும் கமராவோடும் குறிப்புப் புத்தகத்தோடும் பலர் வந்து போனார்கள். பேசாமற் போனவர்களை விட வந்து பார்த்தவர்கள் மேல் என்று சில வேளைகளில் நினைத்தோம். எங்களை இடிந்த சுவராக மட்டும் கண்டார்களே என்று வேறு வேளைகளில் நொந்தோம். இரண்டும் உண்மை. ஹார்வியின் இரு தொகுப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். முன்னையதில் தன் சொந்த நாட்டின் கணக்கைக் கேட்டார். அதற்காக ஆண்டுக் கணக்கிற் காத்திருந்தார். பின்னையதில் பிறருடைய வீட்டு வாசலில் நின்று எழுதினார். சாட்சி சொல்ல நல்மனம் மட்டும் போதாது. காலமும் வேண்டும், அங்கே வாழ்வோரின் குரலும் வேண்டும்.

ஊர்மொழிக்குத் திரும்புதல்

அதன் பின்னர் அவர் மீண்டும் டோர்செற்றுக்கே திரும்பினார். ஸ்கொட்லாந்துக் கவிஞர் டொன் பற்றர்சனிடம் கவிதை பயின்று, 2022இல் 'ஓர்லம்' என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். ஒன்பது வயதுச் சிறுமியின் ஓர் ஆண்டைச் சொல்லும் அந்நூல் டோர்செற் வட்டார வழக்கிலேயே எழுதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழக்கிற் பாடிய, அதன் சொற்களைத் தொகுத்த, வில்லியம் பார்ன்ஸ் அவருக்கு வழிகாட்டி. இன்று ஆங்கிலேயருக்கே அச்சொற்களிற் பல புரியாது. ஆகையால் எதிர்ப்பக்கத்திலே பொது ஆங்கில வடிவமும், இறுதியில் அருஞ்சொல் அகராதியும் தரப்பட்டன. அந்தக் கவிதைகளிலிருந்தே 2023ஆம் ஆண்டின் இசைத்தொகுப்பும் பிறந்தது.

கதிரை, கெதி, விசர், பறைதல், உவை என்ற சொற்களை வெளிநாட்டிற் பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகள் அறிவார்களா என்று எண்ணிப் பார்க்கலாம். ஊர்ப்பேச்சு மேடைக்கும் ஏட்டுக்கும் ஏற்றதன்று என்று எங்களுக்கும் சொல்லித் தரப்பட்டதுண்டு. உலகம் சுற்றிய ஒரு பாடகி தன் கிராமத்துச் சொற்களை அகராதி பார்த்து மீளக் கற்றார். எங்கள் கையில் அகராதிக்கு முன்னதான ஒன்று இன்னும் இருக்கிறது: அச்சொற்களைப் பேசும் அம்மம்மாமாரும் அப்பாச்சிமாரும். அவர்களது பேச்சையும் தாலாட்டையும் பதிந்துவைக்கக் கைத்தொலைபேசி போதும். நூற்றாண்டைக் கடந்து செல்லும் எமது சங்கத்தின் கிளைகள், நாடு நாடாக இந்த வேலையை எடுத்துச் செய்தால், அடுத்த தலைமுறையில் கிற்றாரோடு வரும் பிள்ளைக்குப் பாடுவதற்குத் தன் ஊரின் சொற்கள் இருக்கும்.