யார் வீட்டுப் பிள்ளை? பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் வகை பார்க்கும் விதம்

பில் போடும் ஒரு பைத்தான் நிரலை நான் பராமரித்துக்கொண்டிருந்தேன். பொருளின் எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் ஒருநாள் ‘ட்ரூ’ வந்து நின்றது. படிவத்தில் டிக் அடிக்கும் கட்டத்தின் மதிப்பு, இடம் மாறி எண்ணிக்கைக்குள் விழுந்துவிட்டது. ‘ஐஸ்இன்ஸ்டன்ஸ்’ போட்டு, வந்தது முழு எண்தானா என்று நான் சோதித்திருந்தேன். சோதனை ‘ஆம்’ என்றது. ட்ரூவை 85 ரூபாயால் பெருக்கினால் 85. பிழைச் செய்தி எதுவும் இல்லை. வாரக் கணக்கு ஒட்டாமல் போன பிறகே தெரிந்தது.

பைத்தானின் மேல் குற்றம் சொல்ல முடியாது. 2003இல் வெளிவந்த 2.3 பதிப்பில் ட்ரூவின் வகையான ‘பூல்’ஐச் சேர்த்தபோது, அதை முழு எண்ணின் வாரிசாகவே வைத்தார்கள். ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டேன். ‘முழு எண் வீட்டுப் பிள்ளை’ என்று சரியான பதில் வந்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு.

இந்த மொழிகளில் மாறிக்கு வகை கிடையாது. அதற்குள் இருக்கும் மதிப்புக்குத்தான் வகை. அதனால் சோதனை நிரல் ஓடும்போதே நடக்கிறது. பைத்தானின் ‘ஐஸ்இன்ஸ்டன்ஸ்’, ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்ஸ்டன்ஸ்ஆஃப்’ இரண்டும் பெயரளவில் சகோதரர்கள். இரண்டும் வம்சத்தைத்தான் பார்க்கின்றன. ஆனால் ஒன்றை நம்புவது போல மற்றொன்றை நம்ப முடியாது.

காரணம், ஜாவாஸ்கிரிப்ட் வாழும் இடம். பிரௌசரில் ஒரு பக்கத்துக்குள் ஐஃபிரேம் வைத்தால், அந்தச் சட்டத்துக்குள் தனியாக ஓர் உலகமே உருவாகிறது. அதற்கென்று தனி ‘அர்ரே’, தனி ‘ஆப்ஜெக்ட்’, தனி ‘டேட்’. அங்கே உருவான ஒரு பட்டியலை இங்கே வாங்கி, ‘இது அர்ரேயா?’ என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு கேட்டால் ‘இல்லை’ என்கிறது. வந்ததோ அசல் பட்டியல். நீளம் உண்டு, வரிசை எண் உண்டு, புஷ் செய்தால் ஏற்கும். ஆனால் அதன் புரோட்டோடைப் சங்கிலியில் இருப்பது பக்கத்து உலகத்தின் அர்ரே. பெயர் ஒன்று, ஆள் வேறு. இதைச் சமாளிக்க ‘ஆப்ஜெக்ட்.புரோட்டோடைப்.டுஸ்ட்ரிங்’கைக் கடன் வாங்கி, அது தரும் சொல்லைப் பார்த்து முடிவுசெய்யும் வித்தை பரவியது. 2009இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் ஐந்தாம் பதிப்பில் ‘அர்ரே.ஐஸ்அர்ரே’ மொழிக்குள்ளேயே சேர்ந்தது. அது வம்சம் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது உண்மையில் அர்ரேதானா என்று பார்க்கிறது. எந்த ஐஃபிரேமிலிருந்து வந்தாலும் சரியான பதில் தரும்.

மதிப்பின் வகைப் பெயரைச் சொல்லும் ஜாவாஸ்கிரிப்டின் ‘டைப்ஆஃப்’ இன்னும் பழைய காயம். 1995இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதிய முதல் வடிவத்தில், ஒவ்வொரு மதிப்போடும் சில பிட்டுகள் வகைக் குறியாக இருந்தன. ஆப்ஜெக்டின் குறி பூஜ்யம். ‘நல்’லோ முழுக்கப் பூஜ்யம். அதனால் நல்லின் வகை ‘ஆப்ஜெக்ட்’ என்றே வந்தது. திருத்தும் யோசனை பின்னால் எழுந்தும், ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் உடையும் என்று கைவிடப்பட்டது. இன்றைக்கும் டைப்ஆஃப் கொண்டு ஆப்ஜெக்டா என்று பார்த்தால் பக்கத்திலேயே ‘நல் இல்லை’ என்றும் எழுதியாக வேண்டும்.

பைத்தானில் பொதுவாக ஒரே உலகம், அதில் ஒரு கிளாஸுக்கு ஒரே ஆள். ஆகவே வம்சக் கேள்வி பெரும்பாலும் பொய்க்காது. ஓடும்போதே ஒரு மாட்யூலை ‘ரீலோட்’ செய்தால் மட்டும் அதே பெயரில் புது கிளாஸ் பிறந்து, பழைய ஆப்ஜெக்டுகள் அந்நியமாகிவிடும். பைத்தானில் அடிக்கடி கடிப்பது வேறொன்று: வாரிசை வேண்டாத இடத்தில் ஏற்றுக்கொள்வது. ‘டேட்டைம்’ என்பது ‘டேட்’டின் வாரிசு. தேதியா என்ற சோதனையைத் தாண்டி உள்ளே வந்துவிடும். வெறும் தேதியோடு முன்பின் ஒப்பிட்டவுடன் டைப்எரர் வெடிக்கும். ‘டைப்’ போட்டு அச்சு அசல் வகையையே கேட்டால் இது நிற்கும். ஆனால் அதை எல்லா இடத்திலும் போட்டால், ‘டிக்ட்’டின் நியாயமான வாரிசான ‘டிஃபால்ட்டிக்ட்’டையும் வாசலிலேயே விரட்டிவிடுவோம்.

வம்சத்தை விட்டுவிட்டு ‘என்ன வேலை தெரியும்?’ என்று கேட்பதில் பைத்தான் முன்னே நிற்கிறது. 2008இல் வந்த 3.0இல் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்கள் இருந்தன. 2019இல் வந்த 3.8இல் ‘புரோட்டோகால்’ சேர்ந்தது. ஓடும்போது செய்யும் புரோட்டோகால் சோதனை மெத்தடின் பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். எத்தனை அளபுருக்கள் என்று பார்க்காது.

ஆனால் பாதுகாப்பு என்று வந்தால் நான் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம்தான் நிற்பேன். அந்நியரின் தரவு தினமும் வந்து விழும் இடம் அது. திரைகளை வரைய உதவும் ரியாக்ட் நூலகத்தில் 0.13 பதிப்பு வரை ஓர் ஓட்டை இருந்தது. பயனர் எழுத்து தர வேண்டிய இடத்தில் ஜேசனாக ஓர் ஆப்ஜெக்டை அனுப்பி, சர்வர் அதைச் சோதிக்காமல் சேமித்து வைத்தால், ரியாக்ட் அதைத் தன் எலிமென்ட் என்று நம்பித் திரையில் வரைந்துவிடும். அதன் வழியே கெட்ட நிரலும் நுழையலாம். 2015இல் வந்த 0.14இல் ஒவ்வொரு எலிமென்டிலும் ஒரு ‘சிம்பல்’ முத்திரையாகப் பதிக்கப்பட்டது. ஜேசனால் சிம்பலைச் சுமக்க முடியாது. வெளியிலிருந்து வந்த போலி முத்திரை இல்லாமல் மாட்டிக்கொண்டது. 2022 பதிப்பில் மொழியே, ஓர் ஆப்ஜெக்டில் குறிப்பிட்ட கிளாஸின் அந்தரங்கப் புலம் இருக்கிறதா என்று கேட்கும் வசதியைத் தந்தது. அந்தப் புலத்தை வெளியார் யாரும் பொய்யாக ஒட்ட முடியாது.

இப்படி வெளியார் தொட முடியாத அந்தரங்கப் புலம் பைத்தானில் இல்லை. ஓர் ஆப்ஜெக்ட் தன் கிளாஸ் இன்னது என்று பொய் சொன்னாலும் ஐஸ்இன்ஸ்டன்ஸ் ஏற்கும். சோதனைகளுக்கு உதவும் ‘மாக்’ இந்த வழியில்தான் வேடம் போடுகிறது. சோதனை எழுதுகிறவருக்கு அது வரம்தான்.

இன்று உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் அர்ரேயை இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு பார்க்கும் வரிகளைத் தேடி, ஐஸ்அர்ரேயாக மாற்றுங்கள். பைத்தானில் பணமோ எண்ணிக்கையோ உள்ளே வரும் வாசலில், முழு எண்ணா என்று கேட்பதற்கு முன் பூலா என்று கேளுங்கள்.