மாமன்றம் இல்லாத ஆண்டுகள்



நமது சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29-ல் தொடங்கியது. இந்தியாவிலேயே பழமையானது என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அதன் கணக்கில் பெரிய பற்று ஒன்றும் உண்டு.

மஸ்டர் ரோல் ஊழல் புகாரை அடுத்து 1973-ல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல்தான். சுமார் 23 ஆண்டுகள் அதிகாரிகளே நிர்வகித்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரியில்தான் வாக்களித்தோம்.

கூட்டிப் பாருங்கள். 1973-லிருந்து 2022 வரை 48 ஆண்டுகளில், 28 ஆண்டுகள் நமக்கு வார்டு உறுப்பினரே இல்லை. வடிகால் அடைத்தால் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். "ஓட்டுக் கேட்டு வந்தீர்களே" என்று உரிமையோடு கேட்க ஆள் கிடையாது.

2022-ல் 200 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1-ல் பகுதி சபைக் கூட்டங்களும் தொடங்கின. சாலை, குப்பை, தெருவிளக்கு எதையும் அங்கே நேரில் சொல்லலாம். அடுத்த கூட்டத்துக்கு பிளாக்குக்கு ஒருவராவது வாருங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.