சிரம்பான் தோட்டத்து டாக்டர்

விடியுமுன் பெரட்டில் ஆள்கணக்கு, பிறகு வாளியோடு நிரை நிரையாக ஓட்டம். பால்வெட்டிய என் அப்பாவுக்கு மூச்சை எண்ண ஏது நேரம்? ஆனால் பிராணாயாமத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் ஒருவர் எங்கள் சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்தான். பத்தமடை குப்புசாமி, 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறியவர். சிரம்பானுக்குப் பின் ஜொகூர். 1923இல் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஊர் திரும்பினார். மறு ஆண்டு ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார்.

பிராணாயாமத்துக்கென்றே தனி நூல் எழுதினார். அதில் அவசரமே கிடையாது. வலது நாசியைக் கட்டைவிரலால் மூடி, இடதில் மெல்ல இழுக்க வேண்டும். மூச்சடக்கும் அளவைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். மருந்து அளந்த கை அல்லவா! எடுத்த எடுப்பில் 16 மாத்திரை இழுத்து, 64 அடக்கி, 32இல் விடும் திருமூலரின் கணக்குக்குத் தாவி, தலைசுற்றி உட்காரும் நம்மவர்களுக்கு இந்த டாக்டர்தான் லாயக்கு. படபடப்பு தணிய மெதுவான மூச்சே போதும்.