பெங்களூரு புற்றுநோய்ப் பதிவேடு

பெங்களூரு நகரவாசிகளுக்குக் காணும் புற்றுநோய் ஒவ்வொன்றையும் குறித்துவைக்கும் மக்கள்தொகைப் பதிவேடு. கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் 1982 முதல் நடந்துவருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 இறுதியில் தொடங்கிய தேசியப் பதிவுத் திட்டத்தில் பம்பாய், சென்னைப் பதிவேடுகளோடு இதுவும் இடம்பெற்றது. பம்பாய்ப் பதிவேடு 1963இலேயே பிறந்தது. சென்னைப் பணியை அடையாறு புற்றுநோய் நிலையம் ஏற்றது.

இப்பணியின் சிக்கல் பீன்யா போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில்தான் நன்கு விளங்கும். தருமபுரியிலிருந்து வந்து லேத் பட்டறையில் வேலை செய்பவர், குறைந்தது ஓராண்டு நகரில் வசித்திருந்தால்தான் கணக்கில் சேர்வார். சிகிச்சைக்காக மட்டும் வந்து உறவினர் முகவரியைக் கொடுத்தவரைச் சேர்த்தால் நகரின் நோய்வீதம் பொய்யாக உயரும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளியைத் தவறவிட்டால் குறையும். ஒரே நோயாளி ஸ்கேனுக்கு ஓரிடம், பயாப்ஸிக்கு வேறிடம், கதிர்வீச்சுக்குக் கித்வாய் என்று அலைந்திருப்பார். களப்பணியாளர் அங்கெல்லாம் போய்க் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, பெயர், வயது, தெரு ஆகியவற்றை ஒப்பிட்டு மூவரல்ல, ஒருவரே என்று உறுதிசெய்ய வேண்டும். இறப்புப் பதிவுகளையும் விடாமல் பார்க்க வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகளின் பெருமையில் பெரும்பங்கு, பெயர் வெளிவராத இந்தக் களப்பணியாளர்களுக்கே உரியது.

இப்பதிவேட்டைக் கொண்டு ஏ. நந்தகுமாரும் உடன் ஆய்வாளர்களும் வாய்ப்புற்றை ஆராய்ந்தனர். நோயாளிகள் 348 பேரை, அதே வயதும் பாலினமும் கொண்ட நோயற்றவர்கள் 348 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 1990இல் வெளியானது. புகையிலையோடு வெற்றிலை போடுவோருக்கு அபாயம் மிகுதி. அதிலும் பெண்களுக்குக் கூடுதல். வாயில் அடக்கிக்கொண்டே தூங்கும் வழக்கமும் அபாயத்தை ஏற்றுவது தெரிந்தது.

அடுத்த கேள்வி, சிகிச்சைக்குப் பிறகு எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது. மருத்துவமனைக்கு மீண்டும் வராதவர் குணமானாரா, இறந்தாரா என்று ஏட்டிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே 1982–89இல் பதிவான மார்பகப் புற்று நோயாளிகளின் வீடுகளுக்கே ஆட்கள் சென்று விசாரித்தனர். ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் பாதிக்கும் குறைவு. முற்றிய நிலையில் வந்தவர்களின் கதி இன்னும் மோசம். 1995இல் வெளியான இந்த முடிவு, நோயை முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்ற வாதத்துக்கு உள்ளூர்ச் சான்றாயிற்று.

பல நகர மருத்துவமனைகளில் சிகிச்சை முறையையும் உயிர்பிழைப்பையும் சேர்த்துப் பதியும் ஆய்வு 2006இல் தொடங்கியது. இதை நடத்திய, தேசியப் பதிவுத் திட்டத்தின் பெங்களூரு ஒருங்கிணைப்பு அலுவலகம் 2011இல் தேசிய நோய்த் தகவலியல் மையமாக வளர்ந்தது. கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு கீமோவும் பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தது இத்தரவில் தெரிந்தது. ஆனால் உடல்வலு உள்ளவர்களுக்கே மருத்துவர்கள் கீமோ கொடுத்திருக்கக்கூடும். ஆகையால் அந்த ஏற்றம் முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.