மண்ணில் புதைத்த சாடி

ஆம்பூரில் தோல் ஷாப்பை அறியாதவர் இல்லை. பச்சைத் தோலைப் பதப்படுத்த நம் முன்னோர் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்துத் துவர்ச் சாறு எடுத்தனர். அதே துவர்ப்பு திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் உண்டு. அதனை நம்பியே மது வடித்து வரும் ஒரு நாட்டின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன். அன்பர்களே, 1939இலேயே மதுவிலக்குக் கண்டது நம் வட ஆர்க்காடு. அம்மண்ணில் பிறந்த நான் மதுவுக்குப் பரிந்து பேச வந்தேன் அல்லேன். தொழிலைப் பற்றியே பேசுகின்றேன்.

கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள ஜார்ஜியாவே அந்நாடு. அங்கே அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட திராட்சை மதுவின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர் அறிவித்தனர். அந்நாட்டார் மதுச்சாடியை 'க்வெவ்ரி' என்பர். அது முட்டை வடிவினது. உட்புறம் தேன்மெழுகு பூசியது. கழுத்துவரை மண்ணில் புதைக்கப்படுவது. பிழிந்த சாற்றைத் தோல், காம்பு, விதைகளோடு அதில் ஊற்றுவர். ஈஸ்ட் முதலிய எதனையும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. நம் பனங்கள் தானே பொங்குவது போல அதுவும் பொங்கும். பின்னர் வாயை மூடி ஐந்தாறு திங்கள் விட்டுவிடுவர். மண் அதனைக் குளிர்ச்சியாய் வைத்திருக்கும். துவர்ப்பு கெடாமற் காக்கும்.

சோவியத் ஆட்சியில் பேராலைகள் எழுந்தன. 500க்கு மேற்பட்ட நாட்டுத் திராட்சை வகைகளுள் மிகுந்த விளைச்சல் தரும் சிலவே பெருந்தோட்டங்களில் இடம்பெற்றன. 1985இல் கோர்பச்சேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தில் கொடிகளே வெட்டப்பட்டன. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய மதுவுக்குத் தடை விதித்தது. அத்தடையே நன்மையாயிற்று என்பது என் கருத்து. மலிவுச் சரக்கை வாங்குவார் இல்லாமற் போகவே, சிறு குடும்பங்கள் பாட்டனார் புதைத்த சாடியைக் கழுவி எடுத்தன. மறந்துபோன கொடிகளைத் தேடி நட்டன. புதிய சந்தைகளை நாடின. 2013இல் யுனெஸ்கோ இம்முறையை மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொடி போன பின்னும் மண் கெடாதிருந்ததால் அன்றோ இது கைகூடிற்று!

நம் பாலாற்றங்கரையில் நடந்தது வேறு. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. முழுதும் பதனிட்ட தோலுக்கும் செருப்புக்கும் ஊக்கம் தந்தது. குரோம் முறை பெருகிற்று. பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் கிடந்த தோல், உருளையில் ஓரிரு நாளில் பதமாயிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் உப்பும் குரோமும் கலந்த கழிவுநீர் ஆற்றிலும் வயலிலும் இறங்கிற்று. இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வை, 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2025 ஜனவரி 30இலும் அந்நீதிமன்றமே பாலாற்று மாசு பற்றித் தீர்ப்புரைத்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கப் பணிக்க நேர்ந்தது. திராட்சைக் கொடி உப்பு நீரைத் தாங்காது. அந்நீரில் தென்னையே பட்டுப்போன தோப்புகளை நாம் கண்டிருக்கின்றோம்.